தாசில்தாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை

அலோ!… அலோ, அலோ!… ஆமா, கல்லாத்துப்பட்டி போஸ்டாபீசுதான். போஸ்ட்மாஸ்டர் அருள்சாமி பேசறேன். எக்ஸ்சேஞ்சுல யாரு, ஆப்பரேட்டர் மாதேஸ்வரனா?… டிரங்க் கால் கேட்டது நாந்தாம்ப்பா. தருமபுரி கெடச்சிருச்சா?… குடு, குடு, சீக்கிரம் குடு…

அலோ! டாக்டருங்களா? மாட்டு டாக்டர் கிருஷ்ணப்பன் சாருங்களா?… வணக்கங்க சார். ஒரு அவசரமுங்க. எங்க வூட்டுத் தாசில்தாருக்கு மூணு நாளா பச்சத்தண்ணி கூட உள்ள எறங்கல…

ஆமாங்க, தாசில்தாருதான்… இல்லீங்க, பெரியாஸ்பத்திரியெல்லாம் வேணாங்க… ஜீப்பா? ஜீப்பு எதுக்குங்க?… ஐயய்யோ, கலெக்டராபீசுக்குச் சொல்லிறாதீங்க சார்! பல்லிங்க!… பல்லி, பல்லி! செவுத்துல ஓடுமே, அந்தப் பல்லி. எம் பொண்டாட்டி ராஜமேரி வெச்ச பேருங்க அது… ஏன்னுங்களா? நாம எதச் சொன்னாலும் உச்சியில ஒக்காந்துக்கிட்டு 'உச்சு' கொட்டுமுங்க. அதான்.

…அலோ? சார்?… இருக்கறீங்களா? என்னமோ சத்தம் கேட்டுது, சிரிக்கறீங்களோன்னு நெனச்சேன்… சரிங்க, இருமலுங்களா.

தெரியுமுங்க, நீங்க மாடு ஆடுதான் பாப்பீங்க. மனுச டாக்டருக்குத்தாங்க மொதல்ல போன் போட்டேன். பல்லின்ன ஒடனே வெச்சுட்டாரு… ஆமாங்க… ஆமாங்க, உசுருன்னா உசுருதானுங்களே. நல்லா இருப்பீங்க சார்.

எங்க இருக்குதுன்னா, முன்னால போஸ்டாபீசு, பின்னால எங்க வூடு. ஆபீசுல செவுத்துக் கடியாரம் இருக்குதுங்க, அதுக்குப் பின்னாலதான் குடித்தனம். நாலு வருசமாச்சு. மேரி கைய நீட்டுனா எறங்கி வந்து உள்ளங்கையில ஒக்காந்து ஈசலு திங்குமுங்க. நானு நீட்டுனா வராது. மூஞ்சியத் திருப்பிக்கும்.

என்ன குடுத்தமா? ஈசலு குடுத்தோம். கொசு குடுத்தோம். அந்தக் கொசுவுக்காவ நானு சட்டையக் கழட்டிப்போட்டு ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேங்க… ம்… முட்ட மஞ்சக்கரு வெச்சோம். பேரீச்சம்பழம்… இல்லீங்க… சரிங்க, இனிமே குடுக்க மாட்டோமுங்க… வெளக்கெண்ணெ குடுக்கலீங்க, அது நாஞ்சொன்னேன், மேரிதான் அடிக்க வந்துட்டா.

அசை போடறதா? சார், பல்லிங்க… பழக்கத்துல கேட்டுட்டீங்களா. பரவால்லீங்க.

வாலா? இருங்க… மேரி! வாலு தடியா இருக்குதா, சுருங்கிப் போச்சான்னு டாக்டர் கேக்கறாரு!… தடியாத்தான் இருக்குதாமுங்க… நல்லதுங்களா? மேரி, நல்லதாம்!… கேக்குதா? நல்லதாம்!

சார், இன்னொரு கஷ்டமுங்க. அது தின்னாத்தான் நானும் திம்பேன்னு இவளும் ஒக்காந்துட்டா. மூணு நாளா ரெண்டு வாயி கூழுத்தண்ணி, அவ்வளவுதான்… எனக்கா? எனக்கு யாருங்க ஆக்கறது? நேத்து நானே களி கிண்டுனேன். துடுப்பு உள்ள மாட்டிக்கிச்சு. இன்னும் எடுக்க முடியலீங்க.

…இல்லீங்க. புள்ளைங்க இல்லீங்க. பன்னண்டு வருசமாச்சு… ம்… ஆமாங்க… ஆமாங்க. ஒரு பல்லிக்கா இவ்வளவுன்னு ஊருல சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். ஆனா இவ கூப்ட்டா அது வருதுங்களே சார். ஆயிரம் வேல இருந்தாலும் நானு நின்னு பாப்பேன்.

என்னப்பா மாதேஸ்வரா? மூணு நிமிசம் ஆயிருச்சா? இன்னொரு மூணு குடு… என்னாது? உங்க பெரியம்மா பல்லிக்கு வெல்லம் வெப்பாங்களா? அப்ப நீ இவ்வளவு நேரமும் ஒட்டுக் கேட்டுக்கிட்டா இருந்த? நடுவுல வராதப்பா, டாக்டரு பேசறாரு!

சொல்லுங்க சார்… நெறமுங்களா? அதாங்க பயமே. நல்லா மண்ணு நெறத்துல இருக்கும். இப்ப ஒடம்பெல்லாம் மாவு பூசுனாப்புல வெளுத்துக் கெடக்குது… பூச்சி மருந்தா? வூட்டுலயா?

…

சார், ஒரு நிமிசங்க. மேரி! டாக்டரு ஈரத்துணி கேக்கறாரு. கெணத்தாண்ட போயி நனச்சுக்கிட்டு வா… இல்ல, கொடத்துத் தண்ணி ஆவாதாம். புதுசாச் சேந்துன தண்ணிதான் வேணுமாம். போ, போ.

…சார், மெதுவாப் பேசறேன், கேக்குதுங்களா? போட்டேங்க… நாந்தாங்க. ஞாயித்துக்கெழம. அவ பூசைக்குப் போயிருந்தா. தலவலின்னு சொல்லிட்டு நானு வூட்டுல நின்னுக்கிட்டேன். மணியார்டர் பாரத்தையெல்லாம் கரையான் அரிச்சுருச்சு சார், அடுத்த வாரம் இன்ஸ்பெக்டரு வர்றாரு. கரையானுக்குப் போடற வெள்ளப் பவுடருங்க. அலமாரி அடியில மட்டுந்தான் போட்டேன்… கடியாரமா? அந்த அலமாரிக்கு நேரா மேலதாங்க… ஆமாங்க… ஆமாங்க, தப்புதாங்க. புத்தி இல்லீங்க.

இல்லீங்க, அவகிட்டச் சொல்லல. எப்படிங்க சொல்றது? அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தி வெச்சு அவ அழுவறா. நானு பக்கத்துல முட்டி போட்டு ஆமென் சொல்லிக்கிட்டு இருக்கறேன்.

கிட்டப் போயிப் பாக்கறதா? ஸ்டூலு மேல ஏறணுமுங்க. போன் ஒயரு எட்டுமோ என்னமோ… எட்டுது. கடியாரத்த நவுத்தறேன்… இருக்குதுங்க. என்னய மொறைக்குது… மூக்காண்டயா? ஆமா, மூக்காண்ட என்னமோ பிரிஞ்சு நிக்குதுங்க. வெங்காயச் சருகாட்டம்… தொடறதா? நானா?… தொட்டேங்க… கையில ஒன்னும் ஒட்டல… பவுடரு இல்லீங்க சார்! பவுடரே இல்லீங்க!… சட்ட உரிக்குதா? பாம்புதானுங்களே உரிக்கும்?… பல்லியுமா! அப்ப அந்த ரெண்டு மூணு நாளு சாப்புடாதா?… அப்ப இது சாவாதுங்களா?

…ஒன்னுமில்லீங்க சார். ஸ்டூலு ஆடிருச்சு, செவுத்தப் புடிச்சுக்கிட்டேன். சொல்லுங்க.

சுத்தி ஈரத்துணி வெக்கணுமா? நெஜமாவே ஈரத்துணியா? சார், நானு வாய்க்கு வந்ததச் சொல்லித்தான் அவள அனுப்பிச்சேன்!

சார்! இருங்க, இருங்க! வாயத் தொறக்குது… தோலக் கவ்வுது… இழுக்குது, ஒறை கழட்டுறாப்புல இழுக்குது… முழுங்குது சார்! தன்னோட சட்டையத் தானே திங்குது!… அப்படித்தான் திங்குமா? மேரி! மேரி! ஓடியா! தாசில்தாரு சாப்புடறாரு! இங்க பாரு, சாப்புடறாரு! ஒன்னும் இல்லியாம், சட்ட உரிக்குதாம், நாம் போட்ட பவுடருனால இல்லியாம்!

…

எந்தப் பவுடரா?

…

சார், போன வெச்சிறாதீங்க… இல்ல மேரி, பவுடருன்னா… மூஞ்சிக்குப் போடற… இல்ல… ஆமா. கரையானுக்கு… ஞாயித்துக்கெழம… தலவலியா? வந்துச்சு, அப்பறம் வந்துச்சு… சார், நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க சார்… மாதேஸ்வரா, சிரிக்காதப்பா!

…என்ன பண்றாளா? நானு ஸ்டூலு மேலயே நிக்கறேன். அவ என்னயப் பாக்கல, அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கறா… கைய நீட்டறா… வருதுங்க. கையில ஏறிக்கிச்சு. வாயில பாதித் தோலு தொங்குது, அப்படியே ஏறிக்கிச்சு… கண்ணத் தொடைக்கறா… அட, சிரிக்கறா சார்!… மறுபடியும் செவுத்துல வுட்டுட்டா… அடுப்படிக்குப் போறா… கூழுப் பானையச் சாய்க்கற சத்தம் கேக்குது. குடிக்கறா! சார், நின்னவாக்குல குடிக்கறா, வெங்காயம் கடிக்கற சத்தங்கூடக் கேக்குது!… ஆமாங்க… ஆமாங்க. உங்களுக்குக் கோடி புண்ணியமுங்க.

பவுடரா? இப்பவே கூட்டிக் கழுவிடறேங்க… சரிங்க… வூட்டுப் பூச்சி வேணாம், காட்டுல இருந்து புடிச்சு வரணுமா? சின்ன வெட்டுக்கிளியா?… ஒரு நாளைக்கு ரெண்டு போதுமுங்களா? மேரி! நாளைக்கு ரெண்டு வெட்டுக்கிளி போதுமாம்!… ரெண்டுதான் மேரி. டாக்டரே சொல்றாரு… இத எதுக்குக் கொண்டாந்த?

சார், வெக்கறேங்க. ஆபீசப் பூட்டிட்டுக் கடலக்காட்டுக்குப் போறேன்… இல்லீங்க, ரெண்டுக்கு இல்லீங்க. தூக்குப்போசியக் கையில குடுத்துட்டா. ரொம்புனாத்தான் எனக்குச் சோறாம்… பெரிய போசிங்க, மூணு படி புடிக்கும்… சார், இந்த வெட்டுக்கிளிய எப்படிங்க புடிக்கறது? முன்னால நின்னா, பின்னால நின்னா?… அலோ?… சார்?… போச்சா?… ஏப்பா மாதேஸ்வரா, நீயாவது கிராமத்துல பொறந்தவன்தானே, உனக்குத் தெரி—