தாரா ஏன் ஓடிப் போகல

அந்தப் பத்திரிகைய எடுக்காதீங்கம்மா... சரி, எடுத்துட்டீங்க, பரவால்ல. கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டு என்னை மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க. மூணு வாரமா அது ஒண்ணுதான் என் உயிர வாங்கிக்கினு இருக்குது. ஒக்காருங்க, ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. ஜெராக்ஸ் மெஷினு சூடாவணும். பழைய மெஷினு, அதுக்கா மனசு வந்தாத்தான் வரும்.

சகாயமேரின்னு போட்டிருக்கே, அது நான்தான். ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? ஜெராக்ஸ் கடை வச்சிருக்கறவ கதை எழுதக் கூடாதா? எஸ்டிடி பூத்துல முன்ன மாதிரி கூட்டம் இல்ல, எல்லார் கையிலயும் செல்லு வந்துடுச்சு. ஈ ஓட்டறதுக்கு பதிலா எழுதறேன். பெரியவங்களுக்கு இல்ல, எட்டாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு. மர்மக் கதை. மாசம் ஒரு அத்தியாயம்.

இதோ பாருங்க, இந்தப் பையில இருக்கறது பூரா லெட்டர். எல்லாம் திட்டு. திண்டிவனத்துலேர்ந்து ஒரு பையன், ஒம்பதாவது படிக்கிறான், என்னா எழுதறான் தெரியுமா? ஆன்ட்டி, பன்னெண்டு மாசம் காத்துக்கெடந்தேன், சைக்கிள்ல காத்தப் புடுங்கிவிட்ட மாதிரி பண்ணிட்டீங்களேன்றான். இன்னொரு பொண்ணு, அதுவே ரெண்டு பக்கத்துக்கு வேற முடிவு எழுதி அனுப்பி இருக்குது. படிச்சிப் பாத்தேன். நல்லாத்தான் எழுதியிருக்கு. அதுல இன்னும் எரிச்சல் எனக்கு.

கதை ஒண்ணும் பெருசா இல்லம்மா. தாரான்னு ஒரு பொண்ணு, உப்பளத்துப் பக்கத்து ஊரு. எட்டாவது பாத்தி வரப்புல மண்ணுக்கடியில ஒரு தகரப் பொட்டி கெடைக்குது அவளுக்கு. பொட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான் பசங்க படிக்கும். உள்ள ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. அதப் புடிச்சிக்கினு போறா, போறா... கடைசியில பாத்தா, அவ அம்மான்னு நெனச்சவங்க அவளப் பெத்தவங்க இல்ல. பெத்தது அவ பெரியம்மா. அவ்ளோதான்.

அவ்ளோதான்னு நான் சொல்றேன், ஊரு சும்மா விட்டுச்சா? மொத ரெண்டு அத்தியாயம் வந்ததுமே நம்ம ஊருப் பசங்க கம்பியத் தூக்கிக்கினு உப்பளத்துல வரப்ப நோண்டப் போயிடுச்சுங்க. பலராமன்னு பாத்திக்காரரு, எங்க வீட்டுக்காரர் அவர்கிட்டதான் வேலை பாக்கறாரு. அவரு நேரா கடைக்கு வந்து, ஏம்மா, உன் பொட்டிய வேற எங்கியாவது பொதைக்கக் கூடாதான்னு கேட்டுட்டுப் போனாரு. பின்னால தெருவுல ஞானாம்பாள்னு ஒருத்தி, அவ புள்ள ரெண்டு நாள் சோறு திங்கல. நான் யாரு புள்ளன்னு கேட்டுருக்கான், இவ வெளையாட்டுக்கு, சந்தையில வாங்குனேன்டான்னு சொல்லியிருக்கா. அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வர்றா. அதுக்கு நான் என்னாம்மா பண்றது?

எல்லாம் அந்த எடிட்டரால. சித்தார்த்தன்னு பேரு, பாண்டிச்சேரியில ஆபீஸு. ரத்தம் வேணாம் மேடம், லவ்வு வேணாம் மேடம், சாமியாரு வேணாம் மேடம்ன்றாரு. அப்போ எதைத்தான் சார் எழுதறதுன்னேன். குடும்ப ரகசியம் எழுதுங்க, பசங்க அந்த வயசுல தான் யாருன்னு தேடும்னாரு. குடும்ப ரகசியத்துக்கு எனக்கா பஞ்சம்? இந்த ஊரு ரகசியம் பூரா இந்த டேபிள் மேலதான் போவுது. யாரு எந்த சர்ட்டிபிகேட்ட காப்பி எடுக்கறாங்க, யாரு பூத்துக்குள்ள நின்னு அழறாங்க, எல்லாம் தெரியும். ஆனா ஒண்ணு, கடைக்கு வர்றவங்க வெஷயத்துல ஒரு வரி எழுதுனது கெடையாது. அது தப்பு.

அதனால எங்க வீட்டு வெஷயத்த எழுதிட்டேன்.

என்னா முழிக்கிறீங்க? ஆமா. நீங்க வெளியூரு, அதனாலதான் சொல்றேன். மூணாவதா எனக்கு ஒரு பொண்ணு. ஏற்கெனவே பையன் ரெண்டு. என் தங்கச்சி ஜான்சிக்குக் கல்யாணம் ஆயி ஒம்பது வருஷம், ஒண்ணும் தங்கல. அவ கேட்டா, நான் குடுத்தேன். யாரும் கட்டாயப்படுத்தல. ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்பிடியே மஞ்ச துண்டுல சுத்தி பஸ்ஸுல எடுத்துக்கினு போனா. குயிலாப்பாளையத்துலதான் இருக்கா, அவ வீட்டுக்காரரு அங்க ஒரு கெஸ்ட்ஹவுஸ்ல தோட்ட வேலை. பொண்ணுக்கு சந்தியான்னு பேரு வச்சா. ஒரே ஒரு சத்தியம் வாங்குனா எங்கிட்ட. யாரு வாயாலயும் இது வரக்கூடாதுக்கான்னா.

வாயால வரக்கூடாதுன்னுதானே சொன்னா? நான் வாயால சொன்னேனா? பதினஞ்சு வருஷமா ஒரு வார்த்தை சொல்லல. எழுதுனேன், அதுவும் தாரான்னு பேர மாத்தி. இத நான் சொன்னா எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு. நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டின்றாரு.

ஜான்சி எல்லா அத்தியாயமும் படிப்பா. அக்கா எழுதறான்னு அவளுக்குப் பெருமை, தெருவுல எல்லாருக்கும் காட்டுவா. ஒம்பதாவது அத்தியாயம் வந்தப்போ ஒரு மத்தியானம் பஸ்ஸப் புடிச்சி நேரா இங்க வந்தா. நீங்க ஒக்காந்திருக்கற எடத்துலதான் நின்னா. கடையில ரெண்டு பேரு இருந்தாங்க, அவங்க போற வரைக்கும் காத்திருந்தா. அப்புறம் பத்திரிகைய டேபிள் மேல வச்சிட்டு சொன்னா:

“அந்த மஞ்ச துண்டு இன்னும் என் பீரோவுலதான்க்கா இருக்குது.”

அவ்ளோதான். கதைதானேடி, கதையில ஆயிரம் துண்டு வரும்னு நான்தான் கத்துனேன். திரும்பிப் பாக்காம போய்ட்டா. அன்னிலேர்ந்து போனும் இல்ல, வரவும் இல்ல. நான் போன் பண்ணா அவ வீட்டுக்காரரு எடுத்து, அவ கோயிலுக்குப் போயிருக்கான்றாரு. காலையிலயும் கோயிலு, சாயந்திரமும் கோயிலு. நானும் வீம்பா விட்டுட்டேன்.

கடைசி அத்தியாயம் அதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருந்தேன். தாரா உண்மைய கண்டுபுடிச்சி, உப்பளத்து வரப்பு மேலயே ஓடி வர்றா, கால்ல உப்பு குத்துது, பெரியம்மா வாசல்ல நிக்கறாங்க, அவங்களக் கட்டிப் புடிச்சி அம்மான்னு கூப்புடறா. எழுதும்போது மூணு வாட்டி அழுதேன். எங்க வீட்டுக்காரரு தலைவலியான்னு கேட்டாரு.

பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கெழம சந்தியா வந்தா. வருவா அவ, அப்பப்போ. பத்தாவது படிக்கிறா. என் கதைக்கெல்லாம் அவதான் தப்பு கண்டுபுடிக்கிறது. ஒரு வாட்டி மரக்காணத்துல தாராவ ரயிலு ஏத்தி விட்டுட்டேன், பெரியம்மா நம்மூருக்கு ஏது ரயிலுன்னு கேட்டு மானத்த வாங்கிட்டா. அன்னிக்கும் வந்தா, கடைசி அத்தியாயத்தக் குடுங்கன்னா. குடுக்க மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது? குடுத்துட்டு நான் சும்மா மெஷினத் தொடச்சிக்கினு இருந்தேன். தொடச்ச எடத்தையே தொடச்சேன்.

படிச்சி முடிச்சிட்டு, இது சரியா வரல பெரியம்மான்னா. ஏன்டின்னேன். தாராவுக்கு இது எட்டாவது படிக்கும்போதே தெரிஞ்சிருக்கும்னா. எப்பிடித் தெரியும், பொட்டியே இப்பதானே கெடைக்குதுன்னேன். பொட்டியெல்லாம் எதுக்குன்னு கேட்டா. அப்புறம் சொல்றா:

“அந்தப் பெரியம்மா வருஷா வருஷம் தாரா பொறந்தநாளுக்கு விடியக்காலம் அஞ்சு இருவதுக்கு போன் பண்ணுவாங்க. கரெக்டா அஞ்சு இருவது. அவ எத்தினி மணிக்குப் பொறந்தான்னு அவ அம்மாகிட்ட கேட்டா, தெரியாதும்பாங்க. அத நீங்க எழுதாம விட்டுட்டீங்க.”

ஆமாம்மா, நான் பண்ணுவேன். கடையிலயே போன் இருக்குது, காலையில சீக்கிரமாத் தொறந்து பண்ணுவேன். எங்க பசங்க பொறந்தநாளு எனக்கு மறந்துகூடப் போவும். அவ நேரத்த மட்டும் மறக்க முடியல. அது துப்பாப் போவும்னு நான் கண்டேனா? துப்பறியறது எப்பிடின்னு அவளுக்குக் கத்துக் குடுத்ததும் என் கதைங்கதான்.

ரெண்டு பேரும் தாராவப் பத்திதான் பேசுறோம், பாத்துக்குங்க. அவ சந்தியான்னு சொல்லல, நானும் சொல்லல. தெரிஞ்சும் அவ ஏன் கேக்கலன்னு கேட்டேன். கேட்டா அவ அம்மா தோத்துப் போன மாதிரி ஆயிடும்லன்னா. அப்போ அந்தப் பெரியம்மா என்னாடி பண்ணுவான்னேன். அவ பேனாவ மூடிக்கினே சொன்னா, பெரியம்மா பெரியம்மாவாவே இருக்கட்டும், அந்தப் பேருலயும் அம்மா இருக்குதில்ல.

பேனா எதுக்குன்னா கேட்டீங்க? கடைசிப் பக்கத்த அடிச்சிட்டு அவளே எழுதிட்டா. அஞ்சே வரி. தாரா சீட்டக் கிழிச்சி உப்புத் தண்ணியில போடறா, வீட்டுக்குப் போறா, அம்மா இன்னிக்கு என்னா கொழம்புன்னு கேக்கறா. முடிஞ்சுது. நீங்க கையில வச்சிருக்கற முடிவு அவ எழுதுனது. திட்டு மட்டும் எனக்கு.

பத்திரிகை வந்து ஒரு வாரத்துல ஜான்சி போன் பண்ணா. எடுத்ததும், நல்லா முடிச்சிருக்கக்கான்னா. ஆனா உன் எழுத்து மாதிரியே இல்லியேன்னா. என்னுதுதான்டின்னேன். சந்தியா சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கினா, அதனால நான் சொல்லல. அந்த ஞாயித்துக்கெழம தூக்குல எறா தொக்கு எடுத்துக்கினு வந்தா. பழையபடி என் சமையலக் கொறை சொன்னா. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துது. மகளுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்க அவளுக்கு வரும். எனக்குத்தான் அது வர்றதில்ல.

இப்போ எடிட்டரு என்னான்றாரு, இத்தினி லெட்டர் வருதே, ரெண்டாம் பாகம் எழுதுங்க, அதுல தாராவ பெத்தவகிட்ட அனுப்பிடலாம்ன்றாரு. முடியாதுன்னுட்டேன். வேற கதை எழுதறேன்னேன்.

எங்க வீட்டு வெஷயத்த ஏன் எழுதுனன்னு கேக்கறீங்களா? எங்க வீட்டுக்காரரும் கேக்கறாரு. அவசரத்துல எழுதிட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அவசரமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அந்த மஞ்ச துண்ட நான் தெரிஞ்சேதான் போட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டுல அவ பொறந்த தேதியவே போட்டேன். அவ படிப்பான்னு தெரியும், கண்டுபுடிப்பான்னும் தெரியும். ஒரே ஒரு வாட்டி அவ வாயால அந்த வார்த்தையக் கேட்டா எப்பிடி இருக்கும்னு பாக்கணும்னு இருந்துச்சு. நெசத்துல கேக்கறதுக்கு எனக்கு வாயி இல்ல, குடுத்தவ நான். அதான் தாராவ ஓட விட்டு, வாசல்ல நிக்க வச்சி, அம்மான்னு கூப்புட வச்சேன்.

கழுத, பேனாவத் தொறந்ததும் அந்த வரியத்தான் மொதல்ல அடிச்சா.