ஒரு நூல் ஏற்றம்

வீடு முழுக்க ஒரே டைல்ஸ் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும், இன்ஸ்பெக்டர் சார். ஹாலுக்குக் கிரானைட், படுக்கையறைக்கு மரத்தரை, சமையலறைக்கு வழுக்காத டைல்ஸ் என்று மாற்றிப் போட்டால்தான் வீட்டுக்கே ஒரு களை. ஆனால் இரண்டு தரை சேரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் தொழில்காரன் யாரென்று தெரியும். ராயக்கோட்டை ரோட்டில் கடை வைத்துப் பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

என் அண்ணன் வெங்கடப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் சாமான்களின் தரம் பார்த்துத் தள்ளுகிற க்யூ.சி.யாக இருந்தவர். கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை போய்விட்டது. அவருடைய மாடி வீட்டில் அறைக்கு ஒரு தரையாக நான்தான் போட்டுக் கொடுத்தேன். கால் வைத்ததும் எந்த இடமென்று தெரிந்துவிடும். படுக்கையறை மரத்தரை முடிந்து சொரசொரப்பான கல் வந்தால் நின்றுவிட வேண்டும். எதிரே கீழிறங்கும் படிக்கட்டு.

"தம்பி புண்ணியத்துல இவரு கோல் இல்லாம நடக்கறாரு" என்று சுகுணா அண்ணி ஊரெல்லாம் சொல்வார். அண்ணன் மட்டும் நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்காக ஏங்கிப்போயிருந்தேன், மறைப்பானேன்.

போன மாதம் காவேரிப்பட்டினத்தில் சரோஜம்மாள் வீட்டுக் கிரகப்பிரவேசம். நான் போட்ட தரை. நூறு பேர் நடுவில் அண்ணன் வெறுங்காலோடு நடந்து பார்த்தார்.

"டேய் மூர்த்தி, ஹாலும் ரூமும் சேர்ற எடத்துல ஒரு நூல் ஏத்தம் இருக்குது. ரிஜெக்ட்டு."

ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சரோஜம்மாள் மறுநாளே பெயர்த்துப் போடச் சொல்லிவிட்டார். என் கைக்காசைப் போட்டுப் பெயர்த்துப் போட்டேன்.

வியாழக்கிழமை அண்ணி குருபரப்பள்ளிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அண்ணன் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், கதவு திறந்தேதான் இருந்தது. மரப்பலகைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். சிமென்ட் வேண்டாம், சத்தமும் அவ்வளவாக வராது. அறை வாசலில் இரண்டு தரையையும் சேர்க்கும் பட்டியைக் கழற்றி, ஒரு பலகைக் கனம் தாழ்ந்திருந்த சொரசொரப்புக் கல்லை மூடி, அறையிலிருந்த அதே மரத்தரையை முதல் படி வரைக்கும் நீட்டினேன். அரை மணி நேர வேலை. நகத்தால் தடவிப் பார்த்தேன், எங்கேயும் இடறவில்லை.

பிறகு கீழே இறங்கிப் போய், "அண்ணா, டீ குடிக்க வாங்க" என்று கூப்பிட்டேன். விறுவிறுவென்று வந்தார். பதினேழு படி, சார்.

கால் தவறி விழுந்தார் என்று அண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறார். பாவம், அழுகையில் தரையைக் கவனிக்கவில்லை. அண்ணன் கால் என்றைக்குத் தவறியது? நான்தான் கொன்றேன். ஆனால் பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். பலகையைப் பெயர்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. பெயர்க்க எனக்கு மனசு வரவில்லை.

நாளைக்கு அங்கே வருவீர்கள் இல்லையா, ஷூவைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை நடந்து பாருங்கள். கையை நான் பிடித்துக்கொள்கிறேன். வேலை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.