பத்தாவது பிள்ளை

உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் இடுப்பு உயிரை வாங்கிவிடும். அதனால் நின்றபடியே சொல்கிறேன். வருடக்கணக்காக மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் மாட்டியதன் பலன் இது. விசாரிக்க வந்த நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே பேசுகிறேன். எனக்கும் இனி அவசரம் ஒன்றுமில்லை.

பள்ளியில் நான் நடத்தியது கம்ப்யூட்டர் கட்டும் வகுப்பு. அலுவலகங்கள் கழித்துப்போட்ட பெட்டிகளை வாங்கி வருவோம். பிள்ளைகள் அவற்றைப் பிரித்து, தூசி தட்டி, நல்ல பாகங்களை மட்டும் எடுத்துத் திரும்பப் பூட்டுவார்கள். பூட்டிய பெட்டி ஓட வேண்டுமானால் ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும், அதற்கு உரிமம் வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ கொடுத்த திருட்டு சிடியைப் போட்டே காலத்தை ஓட்டிவிட்டுப் போனார். எனக்கு அதற்குக் கை வரவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது திருட்டுச் சரக்கை எப்படி ஏற்றிக் காட்டுவது? இதை நீங்கள் குறித்துக்கொண்டால் நல்லது.

"சட்டப்படியே இலவசமா கிடைக்கிற சிஸ்டம் இருக்கே சார், அதைப் போட்டுட்டுப் போங்களேன்" என்று கணக்கு டீச்சர் ஒருநாள் சொன்னார். நல்ல மனுஷிதான், ஆனால் எதிலும் மூக்கை நுழைப்பார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கக் கூடாது என்றேன். பக்கத்துப் பள்ளியில் எல்லாப் பெட்டியிலும் பெரிய கம்பெனி சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் என் மனதில் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அப்போது ஓர் அறக்கட்டளை பள்ளிகளுக்கு உரிமங்களைச் சும்மாவே கொடுத்துவந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் தனி வகுப்பு இருக்க வேண்டும், அதில் பத்துப் பேராவது இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் அறை அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். எங்களிடம் அந்த வகுப்பு இருந்தது. பிள்ளைகள் ஒன்பது பேர்.

என் மாணவி ஒருத்தியை எல்லோரும் குருவி என்று கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு சின்னது. பேச்சு திக்கும். கேள்வி கேட்டால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, முகம் சிவந்து, கடைசியில் தலையைக் குனிந்துகொள்வாள். அதனால் மற்ற ஆசிரியர்கள் அவளை மந்தம் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தார்கள். என் வகுப்பில் அவள் அப்படி இல்லை. மற்றவர்கள் விசிறியின் ஒயரை எங்கே செருகுவது என்று தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் பெட்டியை மூடித் திருகாணி முடுக்கிக்கொண்டிருப்பாள். நான் பார்த்த கைகளிலேயே சுத்தமான கை. இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

யாருக்குக் கற்றல் குறைபாடு என்று பரிசோதனை செய்து எழுதிக் கொடுக்க வெளியிலிருந்து ஓர் அம்மா வருவதாக ஏற்பாடு. முதல் நாள் குருவியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஒரு மேடம் வந்து என்னென்னமோ கேப்பாங்க. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லிடும்மா. நம்ம கிளாஸுக்கு நல்லது."

"ச... சிஸ்டம் வ... வந்துடுமா சார்?"

"வந்துடும்."

அவள் சிரித்தாள். மறுநாள் சொன்னபடியே செய்தாள். படங்களை வரிசைப்படுத்தச் சொன்னபோது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். அவளைத் தனி வகுப்பில் சேர்க்கக் கையெழுத்துப் போட வேலைச் சட்டையோடு வந்தார்.

"பொண்ணுக்கு மூளை ஏதாவது சரியில்லையா சார்?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே. கூடக் கொஞ்சம் கவனிப்பாங்க, அவ்வளவுதான்."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

உரிமங்கள் வந்தன. ஒவ்வொன்றும் அசல்.

குருவி இரண்டு வகுப்புக்கும் வருவாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தனி வகுப்பின் நேரம் என் வகுப்பு நேரத்தோடு மோதியது. தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றியிருப்பார். அந்த வாரம் எல்லாப் பெட்டியிலும் சிஸ்டம் ஏற்றும் வேலை தலைக்கு மேல் இருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன், அது அப்படியே நின்றுவிட்டது. அவள் பின்கட்டிடத்தில் மணி கோத்தாள், வண்ணம் தீட்டினாள். வாரத்துக்கு ஒருமுறை மற்ற ஒன்பது பேரோடு வரிசையாக வந்து என் அறையில் படம் பார்ப்பாள்.

அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிட வந்த அன்று ஒரு பெட்டி ஓடாமல் மக்கர் செய்தது. நான் அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் குருவி பெட்டியைத் திறந்து மெமரியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான் கோளாறு.

"கையை எடும்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன்.

அவள் எடுத்துவிட்டாள். வந்தவர்களில் ஒருவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அவர்கள் போனபிறகு மெமரியை நானே அழுத்தி மாட்டினேன். ஓடியது.

"சா... சார், நான் எப்போ தி... திரும்பி வரலாம்?" என்று வராந்தாவில் கேட்டாள். அடுத்த பருவம் என்றேன். அடுத்த பருவமும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

மறு வருடம் கணக்கு டீச்சர் அவளுக்கு மறுபரிசோதனை வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். அவளை நன்றாகத் தெரிந்த ஆசிரியர் என்று என்னிடம் கருத்துக் கேட்டார்கள். வேண்டாம், முன்னேற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பத்து ஒன்பதானால் உரிமங்கள் ரத்தாகிவிடும். முப்பது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் தடவை ஏதோ ஆசையில் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை நன்றாகத் தெரிந்தே செய்தேன். அதற்கடுத்த வருடங்களிலும் அதையேதான் எழுதினேன்.

இப்போது அவள் ஒரு சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். தொழிற்பயிற்சியில் சேரப் போனால் கற்றல் குறைபாடு என்ற பழைய சான்றிதழைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்களாம். அப்பா உங்களிடம் வந்து நின்றிருக்கிறார். நியாயம்தான். அந்தச் சான்றிதழ் பொய். அவளைப் பொய் சொல்லவைத்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. தெரியாது என்று சொல்லும்படி நான் சொல்லிக்கொடுத்ததை இத்தனை வருடத்தில் அவள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை என்கிறீர்கள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே வெளியே வந்திருப்பாள். அது கூடத் தோன்றவில்லை பாருங்கள். அதனால்தான் சொல்கிறேன், பரிசோதனை செய்த அந்த அம்மா எழுதியது முழுக்கத் தவறாக இருந்திருக்காது.