மூணாவது பெட்டி

சுவிட்சுல இருந்து கைய எடுங்க சார். போட்டோ பொறவு எடுக்கலாம். பேனரு அங்கனயே தொங்கட்டும், ஆரும் களவாண்டுட்டுப் போவமாட்டாவ. ஏட்டி ரெஜிஷா, அந்த வயர தொடாத. எல்லாரும் வராந்தாவுக்குப் போங்கட்டி.

நான் ஆருன்னா? விக்டோரியா. இந்த மாதா கோயில் டியூசன் சென்டர தூத்துப் பெருக்கி, தொறந்து பூட்டுறவ. சிஸ்டரு வந்த பொறவு அவியகிட்ட சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. அதுவரைக்கும் நான் சொல்லுதத கேளுங்க.

கோவம் ஒண்ணும் இல்ல சார். ஓக்கானம், கொமட்டிக்கிட்டு வருது. சுனாமிக்குப் பொறவு இந்தக் கடக்கரைக்கு வந்த சாமானு அம்புட்டும் நான் கண்ணால கண்டவ. கம்பிளிச் சட்ட வந்துச்சு. இஞ்ச நிக்க முடியாம வேர்த்து ஊத்துது, கம்பிளிச் சட்ட! ஒத்தச் செருப்பு வந்துச்சு. கிழிஞ்ச சேலைய தேச்சு மடிச்சு ரிப்பனும் கெட்டி அனுப்புனாவ. சரி, அது அடுப்பு தொடைக்கவாவது ஆச்சு. பொறவுதான் கம்ப்யூட்டரு. உங்க ஆபீசுல ஓஞ்சு போயி, தூக்கிப் போட எடமில்லன்னா மட்டும் எங்க பிள்ளையளு நெனப்பு உங்களுக்கு எங்கேந்துதான் வருமோ. த்தூ.

எல்லாரையும் சொல்லல. அருமனை ஊர்ல ஒரு அநாதப் பிள்ளையளு ஹோமுக்கு வந்த கம்ப்யூட்டரு இப்பவும் ஓடுதாம். குடுத்தவன் உள்ள தொறந்து பாத்து, நாலு நாளு ஓட்டிப் பாத்துக் குடுத்தான். நீங்க தொறந்து பாத்தியளா? பெயிண்ட் அடிச்சதச் சொல்லாண்டாம். ஸ்டிக்கரு ஒட்டுனதயும் சொல்லாண்டாம். ஆரோ பாத்துருப்பாவளா? அந்த ஆரோ ஆரு சார்? தெரியாது. ம்.

உப்புக்காத்து, கேட்டியளா. இரும்புக் கதவே பொரிஞ்சு உதிருது. முன்ன ஒரு டிரஸ்டு குடுத்த கம்ப்யூட்டர் பெட்டி, ரெண்டு மாசத்துல தொட்டாலே சுள்ளு சுள்ளுன்னு ஷாக்கடிச்சுது. சிஸ்டரு எத்தன மட்டம் போன் போட்டாவ! தானமா குடுத்ததுக்கு சர்வீஸ் கெடையாதுன்னு பறஞ்சாவ. பொறவு ஒருநாளு, நாங்க கூப்புடாமலே வேனக் கொண்டு ஓடி வந்தாவ. முகத்துல ரெத்தமே இல்ல. இந்தச் சவத்துப் பெட்டிய உடச்சு உருக்கிருவோம், இனி எந்தப் பிள்ளையும் தொடாதுன்னு சிஸ்டருக்கு சத்தியம் பண்ணிட்டு அள்ளிட்டுப் போனாவ. நாங்களும் நம்புனோம்.

இப்ப என்னத்துக்கு அந்தக் கதையா? அந்த மூணாவது பெட்டியத் திருப்புங்க. பயப்படாண்டாம், வயரு சொருகலல்லா, ஒண்ணும் செய்யாது. பின்னால, காத்து போற ஓட்டைக்குள்ள பாருங்க. தெரியுதா, காஞ்ச ஓலை. ஐய, பிச்சு எடுக்காதிய சார், அது குப்பை இல்ல. குருத்தோலை ஞாயிறுக்கு கோயில்ல மந்திரிச்சுத் தருவாவ, சிலுவையா மடக்கி வச்சிருப்போம். எங்க ஆளுவ எது புதுசா வந்தாலும் அத ஒண்ணு சொருகிருவோம். வள்ளத்துலயும் சொருகுவோம், தையல் மிஷின்லயும் சொருகுவோம். ஒரு கெடுதியும் அண்டாதுன்னு ஒரு நம்பிக்க.

அதுல பச்ச நூலு கெட்டிருக்கா? வலை நூலு. நான் கெட்டுனதுதான்.

ஆமா சார், இதே பெட்டிதான். பெயிண்ட் மட்டும் புதுசு.

எம்மவ ஜெமி மழையில நனஞ்ச காலோட ஓடி வந்து இதுக்கு முன்னால இருந்தா. ஏழாங் கிளாசு. சுவிட்சப் போட்டுட்டு, அம்மா நான் ஒரு படம் வரஞ்சு காட்டட்டான்னு கேட்டா. நான் அந்தால ஜன்னல அடைச்சுக்கிட்டு நின்னேன். திரும்பிப் பாக்கதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இருங்க, இருங்க சார். அந்தப் பெஞ்சுல இருங்க. ரெஜிஷா, சாருக்குக் குடிக்க கொஞ்சம் வெள்ளம் கொண்டா.

பொறவு எல்லாத்தையும் திருப்பி வேன்ல ஏத்துங்க. ஓலைய மட்டும் நான் எடுத்துக்கிடுதேன்.