குறைமாதக் குழந்தைகள் அறை வாசலில் நான் போட்ட சத்தம்

எனக்கு வயது இருபத்தொன்று. செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி விடுதியின் மாடி அறையில் தங்கியிருக்கிறேன். வகுப்பில் என்னை ‘மியூட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபோனில் பேசும்போது என் அம்மாவே, “லைன்ல இருக்கியாடி?” என்று கேட்பார்.

எங்கள் ஆசிரியை ஒரு பயிற்சி தருவார். நாங்கள் வகுப்பறை வாசலை மறித்து நிற்க வேண்டும். அவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக வருவார். நிறுத்தச் சொல்லும் குரலில் உறுதி இருந்தால்தான் நிற்பார். முதல் ஆண்டில் நான் “மேடம், கொஞ்சம்...” என்று ஆரம்பிப்பதற்குள் சக்கரம் என் கால்விரலில் ஏறிவிடும். இரண்டாம் ஆண்டில் வண்டியின் வேகம் குறைந்தது. தோழிகள் எல்லோருக்கும் நின்ற வண்டி எனக்கு மட்டும் நின்றதே இல்லை.

நேற்றுக் காலை குறைமாதக் குழந்தைகள் அறையில் எனக்கு வேலை. பால் கிண்ணங்கள் வைத்த தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அப்போது என் மேல் போலீஸில் புகார் கொடுத்தவர், அதாவது ஒரு குழந்தையின் தாய்மாமன், செருப்புக் காலோடு தும்மிக்கொண்டே வந்தார். கை கழுவச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. “என் மருமகனைப் பாக்க உன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமாம்மா?” என்று கதவில் தோளைக் கொடுத்தார். அந்த மருமகன் என் முழங்கை நீளம்கூட இல்லை. அதன் பிறகு நான், “நில்லுங்க சார்! கை கழுவி, மாஸ்க் போட்டுட்டு வாங்க!” என்று உரக்கச் சொன்னேன்.

அவர் நின்றார். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நின்றார். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் தூக்கிய காலை இறக்காமல் நின்றார். தாழ்வாரக் கோடியில் மருந்து வண்டியோடு வந்த எங்கள் ஆசிரியையும் நின்றுவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இத்தனை நாளா இதை எங்கடி வச்சிருந்த?” என்று ஆசிரியை கேட்டார்.

அதன் பிறகு அந்த மாமன் கை கழுவி, மாஸ்க் போட்டு, கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துக் கண் கலங்கினார். அங்கிருந்தவர்கள் சிரித்ததில் அவருக்கு ரோஷம் வந்திருக்கும். நான் கையால் தள்ளியதாகப் புகார் கொடுத்திருக்கிறார். அது நிரூபணமானால் என்னைப் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். நான் தள்ளவில்லை. என் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை.

இந்த வாக்குமூலத்தை எழுதிய காவலர் எனக்குப் படித்துக்காட்டினார். ‘பணிவுடன் கேட்டுக்கொண்டேன்’ என்று அதில் இருந்தது. அடித்துவிட்டு ‘உரக்கச் சொன்னேன்’ என்று எழுதச் சொன்னேன். “உன் நல்லதுக்குத்தாம்மா எழுதினேன், இருக்கட்டும்” என்று பேனாவை மூடப் போனார்.

“நில்லுங்க சார்” என்றேன். நின்றார்.

திருத்தம் செய்யப்பட்டது. மறுபடி படிக்கக் கேட்டேன். இப்போது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)