பூதிகோட்டைக் கல்லில் ஏழாவது வரி

இல்லீங்க சாயபு, பொட்டிய நானே வெச்சிக்கினு நிக்கிறேன். ரயிலு வண்டி இன்னும் மாரிகுப்பத்த வுட்டே கெளம்பல, நீங்க உக்காருங்க. அந்தக் காயிதச் சுருள மட்டும் நீங்களே புடிச்சிக்கோங்க. அத்த நான் தொட மாட்டேன்.

நாளைக்கு வேலூர்ல எத்தினி பேரு வருவாங்க? நாப்பது ஆலிமா! அத்தினி ஓதினவங்க முன்னால இத்தப் பிரிச்சி, நம்ம வேதத்த ஐந்நூறு வருசத்துக்கு முன்ன பூதிகோட்டைக் கல்லுல எப்டி வெட்டிக்கீறாங்க பாருங்கன்னு சொல்லப் போறீங்க. மத்ததெல்லாம் கிதாபுல கீறாப்பலயே கீது, ஆறாவது வரியோட வேதம் முடிஞ்சிடுது, ஆனா அதே வரி கடைசியில ஏழாவதாவும் திரும்ப வருது, அது ஏன்னு பதினஞ்சு நாளா தூங்காம யோசிக்கிறீங்க. அந்தக் காலத்துப் பெரியவங்க அந்த எடத்துல நின்னு ரெண்டு தபா ஓதினாங்களோன்னு சொன்னீங்களே, அப்ப உங்க கண்ணுல தண்ணி நின்னுது. நான் பாத்தேன். அன்னிலேருந்து எனக்கு சோறு எறங்கல.

ஜொரம்லாம் இல்லீங்க. கேளுங்க.

இந்த ஊரிகத்துல தங்கம் எடுக்கற ஷாஃப்ட் குழியில செத்தவனுக்கெல்லாம் கல்லறைக் கல்லு வெட்றவன் நான். போன வருசம் ஜெயகரன் கல்லுல ஒரு வரி பேந்துக்கிச்சி. அவன் பொஞ்சாதி எதிர்ல நிக்குது, அப்டியே நட முடியுங்களா? அந்த எடத்த மட்டும் கொஞ்சம் ஆழமா எறக்கி, எழச்சி, புதுசா வெட்டிட்டேன். பேந்தத பேந்தாப்பல வுட்டா எங்க வேலையில அது மானக்கேடு. பழகின கை சாயபு, யோசிக்கவே யோசிக்காது.

ஆமா, நீங்க நல்லாத்தான் சொல்லிட்டுப் போனீங்க. டேய் ஏனோக்கு, இந்தப் பூதிகோட்டைக் கல்லு மேல பாசி ஏறிக் கீது, தேங்கா நாரும் தண்ணியும் போட்டு மெதுவா தேய்யின்னு. அந்த வெள்ளிக்கெழம நீங்க தொழுகைக்குக் கோலார் போனதும் நானும் தேச்சேன். நார்ல வரல. உளிய எடுத்தேன்.

வண்டி ஊதுது பாருங்க. இருங்க, சொல்லிடறேன். இப்ப சொல்லலன்னா ஆயுசுக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரே தட்டுதான். கடைசி வரி முழுக்க சில்லு சில்லா என் மடியில வுழுந்துச்சி. பயந்துட்டேன். அத்தினியும் வாரி ஏரியில கொட்டிட்டேன். அதுல இன்னா எழுதியிருந்துச்சோ, இனிமே யாரும் பாக்க முடியாது. பாவிங்க நான். உங்க எழுத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது, மேல் வரியப் பாத்தேன், வளைவுக்கு வளைவு அப்டியே கீழ வெட்டினேன். செம்மண்ணக் கரைச்சித் தேச்சி பழசாக்கினேன். மறுநாளு நீங்க வந்து ஈரக் காயிதத்த ஒட்டி மை ஒத்தி இந்தச் சுருள எடுக்கறப்ப, ஒரு ஓரமாப் புடிடான்னீங்க, புடிச்சிக்கினு நின்னேன்.

அந்த வரிக்கு ஐந்நூறு வருசம் இல்லீங்க சாயபு. வர்ற வெள்ளி வந்தா மூணு வாரம்.