செனாயிலிருந்து சிபுவுக்கு ஒரு சோற்றுப் பொட்டலம்

அவையின் நடுவே அமர்ந்து அனைவரையும் அன்பால் ஆளும் தலைவி, மகளிர் மன்றத்துத் திலகவதி அம்மையார் அவர்களே! மெர்லிமாவ் மண்ணில் மழை வெயில் பாராது உழைத்து, பெற்ற பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! மைக்கை இரவல் கொடுத்துவிட்டு, இவர் எப்போது இதை விடுவார் என்று கவலையோடு பார்க்கும் கடைக்காரத் தம்பி ஹனீஃப் அவர்களே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இன்று நாம் பாராட்ட வந்திருப்பது யாரை? ஆசிரியையாகத் தேறிய நம் தேவமலரை! வேலை எங்கே? சரவாக் மாநிலத்துச் சிபு நகரில்! வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. சொல்ல விடாதவர் யார்? முதல் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரைப் பெற்றவர், என் தங்கச்சி ஜெயமணி!

போன மாதம் கோயில் வாசலில் கேட்டேன், "ஏம்மா விடமாட்டேங்குற?" என்று. "கடல் தாண்டி இருக்குண்ணே! என் கைச்சோறு சூடா போய்ச் சேர்ற ஊருக்குத்தான் என் பிள்ளைய அனுப்புவேன்லா" என்றார்.

சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். என் மனைவி கட்டிக்கொடுத்த கோழிக்கறிச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, ஜொகூர் மாநிலத்துச் செனாய் விமான நிலையம் போய் விமானம் ஏறினேன்.

செனாயிலிருந்து சிபுவுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கேட்டதும் நெஞ்சு பதறுகிறதா? எனக்கும் பதறியது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரரிடம் என் மூட்டுவலியைப் பற்றிப் பாதிதான் சொல்லியிருப்பேன், கடல் முடிந்தது, கரை தெரிந்தது, சிபு வந்தது! ஒன்றே முக்கால் மணி நேரம்! என்ன அப்புசாமி அண்ணே? "அதுக்குள்ளயா?" என்கிறீர்களா? அதற்குள்தான்! பெருநாள் கூட்டத்தில் மலாக்கா டவுனைக் கடக்கவே இதைவிட நேரமாகும்!

இறங்கியதும் பொட்டலத்தைப் பிரித்தேன். என்ன தங்கச்சி? "சூடா இருந்துச்சாண்ணே?" என்றா கேட்கிறாய்? மேடையில் பொய் சொல்ல மாட்டேன். இல்லை. ஆறிப்போயிருந்தது.

பொறு, பொறு, ஜெயித்துவிட்டதாகக் கை தட்டாதே! சோறு எங்கே ஆறியது? வானத்திலா? கடல்மேலா? இல்லையம்மா, இல்லை! மெர்லிமாவிலிருந்து செனாய் போகும் சாலையிலேயே ஆறிவிட்டது. விமானம் ஏறும் முன்பே தொட்டுப் பார்த்தேன். அந்தச் செனாயில்தானே உன் மூத்த மகன் திலீபன் வேலை செய்கிறான்? அவனை அனுப்பியபோது சோற்றைத் தொட்டுப் பார்த்தாயா? மகனுக்கு ஆறின சோறு ஆகும், மகளுக்கு மட்டும் ஆகாதா?

பெண்ணைப் பெற்ற பயம் எனக்கும் தெரியும். என் மகளை வழியனுப்பிய அன்று நான் குளியலறையில் நின்று அழுதவன். ஆனாலும் சொல்கிறேன், கடலைப் பார்க்காதே தங்கச்சி, கடிகாரத்தைப் பார்! காலையில் புறப்பட்டால் மாலைக்குள் மகள் முகம்! சோற்றை ஏன் அனுப்புகிறாய்? நீயே போ! அங்கே அடுப்பு மூட்டு! சுடச்சுட ஆக்கிப் போடு! உன் முதல் பயணத்துக்கு டிக்கெட் மன்றத்தின் பரிசு. இதோ, தலைவியும் தலையசைக்கிறார்!

அமைதி, அமைதி! தங்கச்சி எழுந்துவிட்டார். என்னம்மா கேட்கிறாய்? சபையோரே, அவர் கேட்பது இதுதான்: "அங்க கறிவேப்பிலை கிடைக்குமாண்ணே?"

கிடைக்கும் தங்கச்சி, கிடைக்கும்! அம்மா தேவமலர், கண்ணைத் துடைத்துக்கொள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, இப்போதே சம்மதம் சொல்லிவிடு!

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம். தம்பி ஹனீஃப், இந்தாப்பா உன் மைக்.